பிக்கப் வண்டி பின்பக்கம் உட்காருதா? பட்டைக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

நம்ம சேனல்ல வண்டி லோன், இன்சூரன்ஸ், இஎம்ஐ பத்தியெல்லாம் நிறைய பேசியிருக்கோம். ஆனா வண்டியை வாங்கின பிறகு அது தின்னுற காசைப் பத்திப் பேசுறது குறைவு. இன்னைக்கு அதுல ஒண்ணை எடுத்துக்குவோம். லோடு ஏத்தினா வண்டியோட பின்பக்கம் தரையில உட்காருது. இதைத் தூக்கிச் சமமாக்க என்னென்ன வழி இருக்கு, எதுக்குச் செலவு பண்ணலாம், எதுக்குப் பண்ணக்கூடாது?

கருவடிக்குப்பத்துல ஈசிஆர் ஓரமா காலைல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. காய்கறி, மீன், ஹார்டுவேர், தண்ணி கேன், கல்யாண மண்டபத்துச் சாமான்னு ஏத்திக்கிட்டு குட்டி யானையும் தோஸ்த்தும் பொலிரோ பிக்கப்பும் வரிசையா போகும். அதுல பத்துக்கு ரெண்டு மூணு வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு வாலைத் தொங்கப் போட்டுத்தான் போகும். ஓட்டுறவர்கிட்ட கேட்டா, "ஒரு பட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடும்"னு சொல்வார். அந்த ஒரு வரியிலதான் நிறைய காசு வீணாகுது. சில நேரம் உயிரும் போகுது.

முதல்ல நோய் எதுன்னு பாருங்க

வண்டி உட்காருறதுல மூணு வகை இருக்கு. மூணுக்கும் மருந்து வேற.

ஒண்ணு, காலி வண்டியே உட்கார்ந்திருக்கு. அப்படின்னா பட்டை தளர்ந்திருக்கு, இல்ல உடைஞ்சிருக்கு. இது ரிப்பேர் விஷயம்.

ரெண்டு, காலியா இருக்கும்போது நல்லா நிக்குது, ஆர்.சி.யில போட்டிருக்குற எடைக்குள்ள லோடு ஏத்தினா அளவுக்கு மீறி இறங்குது. இது பட்டை பாதி தளர்ந்ததாலயும் இருக்கலாம், லோடை வைக்கிற இடம் தப்பா இருக்குறதாலயும் இருக்கலாம்.

மூணு, அளவுக்கு மேல ஏத்தினா மட்டும் உட்காருது. இதுல வண்டிக்கு ஒரு நோயும் இல்ல. வண்டி உங்ககிட்ட உண்மையைச் சொல்லுது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு இன்ச் டேப்பும் ஒரு எடைச் சீட்டும் போதும். சமதரையில காலி வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மேல பாடி ஓரம் வரைக்கும் உயரத்தை ரெண்டு பக்கமும் அளந்து எழுதிக்கோங்க. வழக்கமான லோடை ஏத்தி எடை மேடையில எடை போட்டுட்டு, திரும்பவும் அளங்க. இடது வலது வித்தியாசம் தெரிஞ்சா ஒரு பக்கப் பட்டையில பிளேட் உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். எடைச் சீட்டுல இருக்குற எண்ணை ஆர்.சி.யில இருக்குற மொத்த எடையோட ஒப்பிட்டுப் பாருங்க. உங்களுக்கு எந்த நோய்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பிக்கப் காலியா இருக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலா நிக்குறதுதான் கம்பெனி வடிவமைப்பு. லோடு ஏறினதும் சமமாகணும்னுதான் அப்படி வெச்சிருக்காங்க. அமெரிக்காவுல பிக்கப்பை சொந்தக் காராவே ஓட்டுறவங்க, முன்பக்கத்தைத் தூக்கிக் காலி வண்டியைச் சமமாக்குவாங்க. அது அழகுக்கு. நமக்கு வேண்டியது லோடோட சமம். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துட்டு இங்க பட்டறைக்குப் போனா செலவுதான் மிச்சம்.

காசு இல்லாத மருந்து: லோடை வைக்கிற இடம்

இதை யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இதுல யாருக்கும் வருமானம் இல்ல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல 3 மீட்டர் இருக்குற வண்டின்னு வெச்சுக்கோங்க. 100 கிலோ மூட்டையைப் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னாடி, கதவு ஓரமா வெச்சா, பின் அச்சு மேல 133 கிலோ அழுத்தம் வரும். முன் அச்சுல இருந்து 33 கிலோ குறையும். ஏத்தம் பலகை கணக்குதான். அதே மூட்டையைப் பின் அச்சுக்கு 1 மீட்டர் முன்னாடி, கேபின் பக்கம் தள்ளி வெச்சா, பின் அச்சு மேல 67 கிலோ மட்டும்தான். மூட்டை ஒண்ணுதான். பட்டைக்கு வர்ற பாரம் பாதியாயிடுச்சு.

இறக்குறதுக்கு சுலபம்னு கனமான சாமானைக் கடைசியில வைக்கிற பழக்கம்தான் பல வண்டியை உட்கார வைக்குது. சிமென்ட், டைல்ஸ், தண்ணி கேன் மாதிரி கனமான பொருளை முன்னாடி வையுங்க. எடை இல்லாததைப் பின்னாடி வையுங்க. முன் சக்கரத்துல பாரம் குறைஞ்சா ஸ்டியரிங் மிதக்கிற மாதிரி இருக்கும், முன் பிரேக்கும் சரியாப் பிடிக்காது. அதுக்கும் இதுவே மருந்து. டயர்ல காத்து, லோடுக்கு ஏத்த அளவு இருக்கான்னும் சேர்த்துப் பார்த்துடுங்க.

சின்னச் செலவு: போல்ட், புஷ், துரு

பட்டையை அச்சோட கட்டுறது யூ போல்ட். அது தளர்ந்தா பிளேட்டுகள் ஒண்ணோட ஒண்ணு சரியா சேர்ந்து வேலை செய்யாது. நடு போல்ட் உடையும், மெயின் பிளேட்டும் விரிசல் விடும். ஷேக்கிள் பின், புஷ் தேய்ஞ்சாலும் வண்டி ஒரு பக்கம் சாயும், கடகடன்னு சத்தம் வரும். பெரிய வேலைக்கு முன்னாடி இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்க. பட்டையைக் கழட்டினா யூ போல்ட் புதுசாவே போடுங்க. போட்ட பிறகு கொஞ்ச நாள் லோடு ஓட்டிட்டு, திரும்பப் போய் டைட் வெச்சுக்கோங்க.

நம்ம கடலோர ஊருக்குன்னு ஒரு பிரச்சனை உண்டு. தேங்காய்த்திட்டு துறைமுகத்துல இருந்து மீன் ஏத்துற வண்டின்னா, ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் பலகை இடுக்கு வழியா நேரா பட்டை மேல சொட்டும். பிளேட்டுகளுக்கு நடுவுல துரு ஏறினா, அந்தத் துருப்பிடிச்ச குழியில இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். மீன் லோடு இறக்கின அன்னைக்கே நல்ல தண்ணியால அடியில கழுவி விடுறது, செலவே இல்லாம பட்டையோட ஆயுசைக் கூட்டுற வழி.

பட்டறையில சொல்லப்போற வழிகள்

*பட்டையை வளைச்சுக் குடுக்குறது.* தளர்ந்த பட்டையோட வளைவை மறுபடி ஏத்திக் குடுப்பாங்க. உடனே வண்டி நிமிர்ந்து நிக்கும். ஆனா கமான் பட்டையோட பலம் வளைவுல மட்டும் இல்ல, அந்த எஃகைச் சூடாக்கி, குளிர வெச்சு, மறுபடி பதமாச் சூடாக்கி எடுத்த பக்குவத்துல இருக்கு. பழைய லாரிப் பட்டையில அரிவாள் அடிக்கிறாங்களே, ஏன்? அது அவ்வளவு நல்ல எஃகு. அந்த கொல்லருக்குத் தெரியும், செவக்கக் காய்ச்சினா பழைய பதம் போயிடும், திரும்பத் தண்ணி காட்டிப் பதம் ஏத்தணும்னு. உலையில செவக்கக் காய்ச்சித் தட்டி, பதம் ஏத்தாம அப்படியே மாட்டிக் குடுத்தா, கொஞ்ச நாள்லயே பழையபடி உட்காரும். சூடாக்காம அழுத்தி வளைக்கிறாங்களா, காய்ச்சினா பதம் ஏத்துறாங்களான்னு கேளுங்க. எப்படிப் பார்த்தாலும் இது தற்காலிக வைத்தியம்.

*உடைஞ்ச பிளேட்டை மாத்துறது, இல்ல முழு செட் புதுசு.* முதல் வகை நோய்க்கு இதுதான் நேர் மருந்து. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா புதுப் பக்கம் தூக்கலா, பழைய பக்கம் இறக்கமா நிக்கும். ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துறது நல்லது. உங்க மாடலுக்கு உண்டான அதே அளவுல போட்டா அது ரிப்பேர், மாற்றம் இல்ல. சட்டச் சிக்கலும் கிடையாது.

*கூடுதல் பிளேட்.* எல்லாரும் கேக்குறது இதைத்தான். கணக்கைப் பாருங்க. ஒரே தடிமன்ல 5 பிளேட் இருக்குற பட்டையில அதே மாதிரி 6-வது சேர்த்தா, விறைப்பு சுமார் 20% கூடும். முன்னாடி முழு லோடுக்கு 8 செ.மீ. இறங்கின வண்டி இப்போ சுமார் 6.7 செ.மீ. இறங்கும். புதுப் பிளேட்டோட வளைவுல கிடைக்கிற உயரம் தனி. ஆனா தடிமனான பிளேட் போட்டா கதை வேற. விறைப்பு, தடிமனோட மும்மடியில ஏறும். 8 மி.மீ. பிளேட்டுக்குப் பதிலா 10 மி.மீ. போட்டா, அந்த ஒரு பிளேட்டோட விறைப்பு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. லோடோட போகும்போது நல்லா இருக்கும். காலியாத் திரும்பும்போது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் பின்பக்கம் துள்ளும், சேசிஸ்ல குத்து விழும். முட்டை, தக்காளி, கண்ணாடி ஏத்துறவங்களுக்கு இந்தக் குத்து நேரடி நஷ்டம்.

*லோடு ஏறினா மட்டும் வேலை செய்யுற உதவி.* சில வண்டியில கம்பெனியே அடியில ஒரு தடித்த ஹெல்பர் பிளேட் வெச்சிருக்கும். அது லோடு இறங்கினாத்தான் வேலைக்கு வரும். அதே தத்துவத்துல சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவுல ரப்பர் ஸ்பிரிங், சுருள் ஸ்பிரிங், காத்துப் பைன்னு மூணு வகை போடலாம். ரப்பர்ல பராமரிப்பு கிட்டத்தட்ட இல்ல. காத்துப் பைக்கு விலை அதிகம். ஆனா லோடுக்குத் தகுந்த மாதிரி காத்து ஏத்தி இறக்கிச் சமம் பண்ணலாம். ரெண்டு பைக்கும் தனித்தனி குழாய் வைங்க. ஒரே குழாய்ல இணைச்சா, வளைவுல ஒரு பக்கக் காத்து அடுத்த பக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். காலியா இருந்தாலும் கம்பெனி சொன்ன குறைந்தபட்சக் காத்தை விடாம வெச்சிருக்கணும். லோடு ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லைன்னு ஓட்டுறவங்களுக்கு, கூடுதல் பிளேட்டை விட இந்த வகை பொருத்தம்.

*கட்டை வைக்கிறது, நீள ஷேக்கிள் மாட்டுறது.* பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல இரும்புக் கட்டை வெச்சாலோ, ஷேக்கிளை நீளமாக்கினாலோ வண்டி உயரும். ஆனா பட்டையோட பலம் ஒரு கிலோ கூட ஏறாது. முன்னாடி இறங்கின அதே அளவு இறங்கும், ஆரம்பிக்கிற இடம் மட்டும் மேல. லோடு வண்டிக்கு இதுல காசு போடுறது வீண்.

யாரும் பார்க்காத அந்தச் சின்னக் கம்பி

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க.

பல பிக்கப்புல பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட இணைச்ச வால்வு இருக்கும். எல்.எஸ்.பி.வி.ன்னு சொல்வாங்க. லோடு ஏறி சேசிஸ் கீழ இறங்கினா, அந்தக் கம்பி நகர்ந்து, பின் சக்கரத்துக்குப் போற பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். காலியா இருந்தா குறைக்கும். அதாவது, வண்டியில எவ்வளவு பாரம் இருக்குன்னு அந்த வால்வுக்குத் தெரியுறது உயரத்தை வெச்சு மட்டும்தான்.

இப்போ கூடுதல் பிளேட்டோ கட்டையோ போட்டு வண்டியைத் தூக்கிட்டீங்க. முழு லோடு இருக்கு, ஆனா உயரம் குறையல. வால்வு "வண்டி காலி"ன்னு நினைச்சுக்கும். பின் பிரேக் முழுசாப் பிடிக்காது. எல்லா வேலையும் முன் பிரேக் தலையில. ஒண்ணரை டன் பாரத்தோட ஈசிஆர்ல ஒருத்தர் குறுக்க வந்தா, அந்த வித்தியாசம் அங்க தெரியும். இன்னும் சிலர் அந்தக் கம்பியைத் தூக்கி ஒரே இடத்துல கட்டி விடுவாங்க. அப்போ காலி வண்டியில, மழை நேரத்துல பிரேக் போட்டா பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்தும்.

அதனால பின்பக்க உயரத்துல எந்த வேலை செஞ்சாலும், "எல்.எஸ்.பி.வி. செட்டிங் திரும்பப் பண்ணணும்"னு சொல்லி, சர்வீஸ் சென்டர்ல சரி பண்ணிக்கோங்க. வால்வு எங்க இருக்குன்னே பட்டறைக்காரருக்குத் தெரியலன்னா, அங்க வேலை குடுக்காதீங்க. ஹெட்லைட் கோணத்தையும் அதோட பார்த்துடுங்க. பின்பக்கம் உயர்ந்தா வெளிச்சம் கிட்டத்துலயே விழும், தாழ்ந்தா எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

கருவடிக்குப்பத்துல இருந்து ஈசிஆர்ல வடக்கே கொஞ்ச தூரம் போனாலே கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு. வண்டி பி.ஒய். நம்பரா இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துல இருந்து ஆர்.சி. விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில ஆர்.டி.ஓ. எதிர் ஜெயச்சந்திரா வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும்.

இதை விடப் பெருசு 194-வது பிரிவு. அளவுக்கு மேல பாரம் ஏத்தினா 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலா இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை உங்க செலவுல இறக்கின பிறகுதான் வண்டி நகரும்.

தெளிவாச் சொல்றேன்: நீங்க எத்தனை பட்டை போட்டாலும் ஆர்.சி.யில இருக்குற எடை ஒரு கிலோ கூட ஏறாது. பட்டை பலமாகுது. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழைய பலத்துலதான் இருக்கு.

இன்சூரன்ஸ் பக்கமும் பாருங்க. 2010-ல அமலேந்து சாஹு வழக்குல உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டின க்ளெய்ம் வழிகாட்டுதல்படி, அனுமதிச்ச அளவுக்கு மேல பாரம் ஏத்தியிருந்தா, சேரவேண்டிய தொகையில 75 சதவீதத்துக்கு மேல தர வேண்டியதில்லை. 4 லட்ச ரூபாய் சேதம்னா 1 லட்சம் உங்க கையை விட்டுப் போகும்.

இப்போ நம்ம கணக்கு

கீழ இருக்குற எண்கள் கணக்கு புரியுறதுக்கு வெச்சது. உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

பட்டையை வளைச்சுக் குடுக்க 4,000 ரூபாய், 6 மாசம் தாங்கும். புது செட் 14,000 ரூபாய், 32 மாசம் தாங்கும். வேலை நடக்குற ஒரு நாள் வண்டி நிக்குறதுல 2,000 ரூபாய் வருமானம் போகுது. முதல் வழியில 6,000-ஐ 6-ஆல வகுத்தா மாசம் 1,000. ரெண்டாவது வழியில 16,000-ஐ 32-ஆல வகுத்தா மாசம் 500. கையில இருந்து கம்மியாப் போற வழிதான் இங்க ரெண்டு மடங்கு செலவு.

அடுத்தது, கூடுதல் லோடு ஆசை. 500 கிலோ அதிகமா ஏத்தினா ஒரு டிரிப்புக்கு 400 ரூபாய் மேல கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒரு தடவை பிடிபட்டா 20,000 ரூபாய். அது 50 டிரிப்போட கூடுதல் வருமானம். மாசம் 20 டிரிப் ஓட்டுறவருக்கு ரெண்டரை மாச உழைப்பு. இதுல டயர் தேய்மானம், டீசல், பட்டை, பேரிங் இன்னும் சேர்க்கல. உங்களுக்கு உண்மையாவே தினமும் அந்த 500 கிலோ வாடிக்கை இருக்குன்னா, அது பட்டறை கேள்வி இல்ல, வண்டி கேள்வி. பெரிய வண்டிக்கு மாத்துறதா, ரெண்டு டிரிப் அடிக்கிறதா, வாடகையை உயர்த்துறதான்னு உட்கார்ந்து யோசிக்கணும். தோஸ்த்துல ஒண்ணேகால் டன், தோஸ்த் பிளஸ்ல ஒண்ணரை டன், பொலிரோ பிக்கப்ல 1.7 டன்னு படிப்படியா மாடல் இருக்குறதே அதுக்காகத்தான்.

பில் வாங்க மறக்காதீங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து வண்டி உதிரி பாகத்துக்கு ஜிஎஸ்டி 18%. "பில் இல்லாம குறைச்சுத் தரேன்"னு சொன்னா, பிளேட் உடைஞ்சு வாரன்டி கேட்கப் போகும்போது கையில ஒண்ணும் இருக்காது. அதே மாதிரி, பத்து வண்டிக்குள்ள வெச்சிருந்து அனுமான வருமான முறையில வரி கட்டுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்த மாதிரி வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய்னு வருமானம் கணக்கு வெச்ச பிறகு, பட்டைச் செலவைத் தனியாக் கழிக்க முடியாது. அந்தச் செலவு முழுசா உங்க பாக்கெட்டுதான். அதனாலதான் இவ்வளவு கணக்கு.

சுருக்கமா

காலியிலேயே உட்காருதா? அதே அளவுல புதுப் பட்டை, ரெண்டு பக்கமும். அளவான லோடுல இறங்குதா? முதல்ல லோடு வைக்கிற இடம், அப்புறம் போல்ட், புஷ். அதுக்கப்புறமும் இறங்கினா ரப்பர் அல்லது காத்துப் பை. அளவுக்கு மேல ஏத்தினாத்தான் இறங்குதா? பட்டறைக்குப் போகாதீங்க, வாடகை ரேட்டைத் திருத்துங்க. எந்த வேலை செஞ்சாலும் எல்.எஸ்.பி.வி. செட்டிங், ஹெட்லைட், யூ போல்ட் டைட் மூணையும் பார்த்த பிறகுதான் லோடு ஏத்துங்க.

வண்டிக்கு 8 வருஷம் ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதுக்கு மேல வருஷா வருஷம். எஃப்.சி.க்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி டேப்பை எடுத்து அளந்து பாருங்க. வருஷா வருஷம் அந்த எண்ணை ஒரு நோட்டுல எழுதி வெச்சா, பட்டை எப்போ தளர ஆரம்பிக்குதுன்னு அந்த நோட்டே காட்டிடும். செலவு திடீர்னு வராது, மாசம் 500 ரூபாய் எடுத்து வெச்சுச் சமாளிச்சுடலாம்.

உங்க வண்டி எது, காலியிலயும் லோடுலயும் எத்தனை செ.மீ. வித்தியாசம் வருதுன்னு அளந்துட்டு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அந்த எண்களை வெச்சே பேசுவோம்.